சட்டசபை இல்லாத தீவுக்குப் பேசிய கேரள சட்டசபை

வண்டூர்:
வெளிநாட்டு மாட்டிறைச்சியை நம் நாட்டுக்குள் இறக்க முடியாது. மத்திய அரசின் இறக்குமதிக் கொள்கையிலேயே தடை உண்டு. ஆனால் தீவில் வாழ்பவருக்கு மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வருவதும் ஒருவகை இறக்குமதிதானே! அதற்கும் தடை வந்தால்?

லட்சத்தீவில் 2021-ல் அப்படி ஒரு வரைவு விதி வெளியாயிற்று. பசு, காளை அறுக்கக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. மாட்டிறைச்சியை விற்க, வாங்க, வைத்திருக்க, ஏற்றி வரவும் கூடாது என்றது. பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டிலிருந்தும் இறைச்சியை எடுத்துவிட்டார்கள்; மீனும் முட்டையும் மிஞ்சின. அங்கே பெரும்பாலோர் முஸ்லிம்கள். எதிர்த்து ஓட்டுப் போட அவர்களுக்குச் சட்டசபை கிடையாது.

அக்கரையிலிருந்த கேரள சட்டசபைதான் பேசியது. இந்த விதி உள்ளிட்ட பல நடவடிக்கைகளைக் கண்டித்து, முதலமைச்சர் பினராயி விஜயன் கொண்டுவந்த தீர்மானம் 2021 மே 31-ல் ஏகமனதாக நிறைவேறியது. நிர்வாகி பிரபுல் கோடா பட்டேலைத் திரும்ப அழைக்கவும் கோரினார்கள். தீர்மானத்துக்குச் சட்ட பலம் ஏது? பள்ளிச் சாப்பாட்டு வழக்கும் 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் தள்ளுபடியாயிற்று.

வண்டூர்க்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 240-வது பிரிவு லட்சத்தீவையும் அந்தமானையும் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. விதி செய்பவர் ஜனாதிபதி, அதாவது டில்லி. லோக்சபாவில் தலா ஒரே ஓர் உறுப்பினர். லட்சத்தீவுக்கு அதே மலையாளம் பேசும் ஒரு சட்டசபை அருகில் இருந்தது. தமிழர், வங்காளிகள், ராஞ்சியார், கரேனியர் எல்லாரும் கலந்து வாழும் நம் தீவுக்கு எந்தச் சட்டசபை பேசும்?