தசைக்குள் தேங்கும் புரதம்



ஐம்பதைக் கடந்த ஒருவரால் சாவியைத் திருக முடியவில்லை. சாரத்தை இறுக்கி உடுத்த முடியவில்லை. சுஜூதிலிருந்து கையூன்றாது எழ இயலவில்லை. "வாப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று கூறிவிடுகின்றோம். எனினும், விரல்களை மடக்கும் தசையும் தொடையின் முன்தசையும் ஒருசேர நலிவது முதுமையின் இயல்பன்று. 'இன்குளூஷன் பொடி மயோசைட்டிஸ்' எனும் நோயின் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

இந்நோயாளியின் தசைத் துண்டை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், கலங்களினுள் சிறு வெற்றிடங்களும் புரதத் திரள்களும் தென்படும். அவை எவ்வாறு வந்தன?

புரதம் உரிய வடிவில் மடிந்தால்தான் தொழிற்படும். பிசகி மடிந்ததைச் சீர்செய்யக் காவற் புரதங்கள் உள்ளன. சீராகாததை அடையாளமிட்டுச் சிதைக்கும் ஏற்பாடும் கலத்திலேயே உண்டு. இவ்வேற்பாடு தளர்ந்தால் கழிவு குவியும். தோலின் கலங்களைப் போன்று பிரிந்து புதிதாகும் வாய்ப்பு தசைநாருக்கு இல்லாமையால், குவிந்தது அங்கேயே கிடக்கும்.

வாலிபரைத் தாக்கும் பரம்பரை வகையும் உண்டு. சுருங்கும் இழைகளைப் பிணைக்கும் கயிறு போன்றது 'டெஸ்மின்' புரதம். அதன் பரம்பரை அலகிலுள்ள பிழை தசைநோயை உண்டாக்குவது 1998இல் அறியப்பட்டது. பிழையான டெஸ்மின் தான் திரள்வதோடு நல்லதையும் தன்னோடு இழுத்துக்கொள்கின்றது. ஆகவே பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த பிழையே பெரும்பாலும் போதுமானது. அதே ஆண்டில், பிரான்ஸின் ஒரு குடும்பத்தில் டெஸ்மினைக் காக்கும் அல்ஃபா-பி கிரிஸ்டலினில் பழுது காணப்பட்டது. அப்புரதம் கண்வில்லையிலும் மிகுதி. எனவே அவர்களுக்குத் தசைநலிவு, இருதய நோய் இரண்டோடு கண்புரையும் இருந்தது!

நடை தளரும் பிள்ளையைச் சோம்பேறியென ஏசுவோர் இதைக் கவனிக்கவும். டெஸ்மின் நோயில் இருதயத் துடிப்பின் மின்னோட்டம் தடைப்பட்டுத் திடீர் மரணம் நேரலாம்; உரிய வேளையில் பொருத்தப்படும் பேஸ்மேக்கர் உயிர் காக்கும். ஆதலால் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், உடன்பிறந்தோரும் ஈ.சி.ஜி. பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

முதியோரின் நோய்க்குப் பூரண நிவாரணம் இன்னும் இல்லை. வேறு தசையழற்சிகளைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மாத்திரைகள் இதில் பொதுவாகப் பயனளிப்பதில்லை. அளவான உடற்பயிற்சி உதவும். விழுங்குகையில் புரையேறுமாயின், கேட்கும்வரை காத்திராது அதனையும் வைத்தியரிடம் கூறுங்கள்.