கஞ்சிக்குள் ஒரு கத்தரிக்கோல்

பக்கவாதம் வந்து, மூக்கு வழியாக டியூப் போட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதியவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சில் கஞ்சி போகிறது. ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் மாதம் ஒன்று ஆவதற்குள் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. ‘வேளாவேளைக்கு ஊத்தியும் ஏன் இப்படி இளைக்கிறாரு?’ டியூப் ஃபீடிங் நடக்கும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. பழியை நோயின் மேல் போடுவதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

100 கிராம் அரிசி மாவில் ஏறத்தாழ 350 கலோரி. டியூபில் தடையில்லாமல் இறங்கும் கஞ்சி என்றால் 100 மில்லிக்கு 5 கிராம் மாவுக்கு மேல் தாங்காது. அதாவது 100 மில்லிக்கு 18 கலோரிகூடத் தேறாது. ஒரு வேளைக்கு 200 மில்லி, நாளைக்கு எட்டு வேளை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 280 கலோரி. படுக்கையில் இருக்கும் 60 கிலோ மனிதருக்குத் தேவை, கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்ற வழக்கமான கணக்கில், 1500 முதல் 1800. கஞ்சியை மட்டும் வைத்து 1500-ஐ எட்ட வேண்டுமானால் எட்டரை லிட்டர் ஊற்ற வேண்டும். வயிறு நிறைந்திருக்க, உடம்பு பட்டினி கிடக்கிறது.

மாவைக் கூட்டினால் போயிற்று என்று தோன்றும். 100 மில்லியில் 20 கிராம் மாவைப் போட்டுக் காய்ச்சினால் கலோரி நான்கு மடங்காகும். ஆனால் அடுப்பிலிருந்து இறங்குவது கஞ்சியாக இருக்காது, களியாக இருக்கும். சிரிஞ்சில் உறிஞ்சவே வராது. 14-ஆம் எண் டியூபின் வெளிவிட்டமே 4.7 மில்லிமீட்டர்தான், உள்ளே துளை இன்னும் குறுகல். குழாயின் துளை பாதியானால் ஓட்டம் 16-ல் ஒரு பங்காகிவிடும் என்பது பாய்மங்களின் பழைய விதி. பாகுத்தன்மை இரட்டித்தால் ஓட்டம் பாதி. கஞ்சி இந்த விதிக்கு அப்படியே கட்டுப்படாது, அழுத்தினால் கொஞ்சம் இளகிக்கொடுக்கும் என்று இயற்பியல் வாத்தியார்கள் திருத்துவார்கள். டியூபில் இறுகிப்போன ராகிக் கூழோடு வெந்நீரும் கையுமாகப் போராடியவர்களிடம் அந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், டியூப் இல்லாமல் வாயாலேயே சாப்பிட முயலும் நோயாளியின் சங்கடம் இதற்கு நேர் எதிர். அவருக்கு ஆபத்து தண்ணீரில்தான் இருக்கிறது. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழலின் வாசலை அடைத்துக்கொள்ள வேண்டும். நரம்பு மந்தமானவருக்கு அந்தக் கதவு ஒரு கணம் தாமதமாகச் சாத்தும். தண்ணீர் அதற்குள் பாய்ந்துவிடுகிறது, புரையேறுகிறது. சிலருக்கு இருமல்கூட வராமல் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. கெட்டியான திரவம் மெதுவாக நகர்வதால் கதவு சாத்த அவகாசம் கிடைக்கிறது. ஒருவருக்கு நீர்க்க வேண்டும், இன்னொருவருக்குக் கெட்டிப்பட வேண்டும், இருவருக்கும் கலோரி வேண்டும். இதில் ஒரு கணக்கை எழுதுவதும் இன்னொன்றை அழிப்பதும் ஒரே நொதிதான். கட்டுரையின் மையப் பாத்திரம் அதுதான்: அமைலேஸ்.

மாவுச்சத்து ஏன் கெட்டிப்படுகிறது? மாவின் ஒவ்வொரு மணிக்குள்ளும் குளுக்கோஸ் சங்கிலிகள் இறுகச் சுருண்டு கிடக்கின்றன. 60, 70 டிகிரி வெந்நீரில் மணி நீரைக் குடித்து உப்பி, சங்கிலிகள் வெளியே அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சரியான இடியாப்பச் சிக்கல். நீளமாகப் பிழிந்த இடியாப்பத்தில் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் தட்டில் இருப்பது அத்தனையும் கூடவே எழுந்து வரும். இந்தப் பின்னல்தான் பாகுத்தன்மை. இப்போது ஒரு கத்தரிக்கோலை எடுத்து இடியாப்பத்தைக் குறுக்கும் நெடுக்கும் நறுக்கினால்? பொலபொலவென்று உதிர்ந்துவிடும். எடை ஒரு கிராம் குறையவில்லை, கலோரியும் குறையவில்லை. தூக்கினால் வராது, அவ்வளவுதான். ஆல்ஃபா அமைலேஸ் இந்தக் கத்தரிக்கோல்.

கத்தரிக்கோல் எங்கே வெட்டுகிறது என்பதில்தான் சுவாரசியம். தானியத்தில் பீட்டா அமைலேஸ் என்று இன்னொன்றும் உண்டு. அது நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கொறிக்கும். 1000 குளுக்கோஸ் நீளமுள்ள ஓர் இழையை அது பாதியாக்க 250 தடவை கடிக்க வேண்டும். ஆல்ஃபா நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் மிகச் சொற்பமான நொதி ஒரு பானைக் களியை நிமிடக் கணக்கில் கூழாக்கி, கூழைக் கஞ்சியாக்கிவிடுகிறது. (மாவுச்சத்தின் பெரும்பகுதி கிளைவிட்ட சங்கிலிகள். கிளைவிட்ட இடியாப்பத்தை எந்த வீட்டிலும் பிழிவதில்லை. உவமை அந்த இடத்தில் தட்டை விட்டு வழிந்துவிடுகிறது.) ஆறினால் கஞ்சி மறுபடி இறுகி ஏடு கட்டுவதும் நீண்ட சங்கிலிகள் திரும்பக் கூடிக்கொள்வதால்தான். துண்டான சங்கிலிகளுக்கு அந்தப் பிடிமானம் அவ்வளவாக இல்லை. அடுப்படியில் இளகி இருந்த கஞ்சி படுக்கையறைக்கு வருவதற்குள் டியூபை அடைக்கும் தொல்லையும் இதனால் குறையும்.

கத்தரிக்கோலை வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முளைவிடும் தானியம் தன் மாவைக் கரைத்துத் தின்பதற்காக அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் தேசிகாச்சாரும் மல்லேஷியும் 1980-களின் தொடக்கத்தில் முளைகட்டிய ராகியையும் பாசிப்பயறையும் கொண்டு, மாவு அதிகமாகவும் கெட்டி குறைவாகவும் உள்ள கஞ்சியை உருவாக்கினார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ், தான்சானியாவில் மோஷா, ஸ்வான்பெர்க் ஆகியோரும் அதே பத்தாண்டில் அதே தடத்தில் போனார்கள். எல்லாருடைய கவலையும் பால்குடி மறக்கும் குழந்தைகளைப் பற்றியது: சின்ன வயிறு, நீர்த்த கஞ்சி, போதாத கலோரி. டியூபோடு படுத்திருக்கும் தாத்தாவின் கணக்கும் அச்சு அசலாக அதுவே.

செய்முறையில் சூட்சுமம் சூட்டில் இருக்கிறது. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, கொதி அடங்கி, விரல் பொறுக்காத சூட்டில் இருக்கும்போது முளைகட்டிய ராகி மாவை ஒரு ஸ்பூன் தூவிக் கிளற வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு கரண்டியின் பிடி தளரும். கரண்டி இழுத்த கோடு மறையத் தொடங்கும். சில நிமிடங்களில் கரண்டியிலிருந்து கட்டியாக விழுந்தது நூலாக வழியும். கொதிக்கக் கொதிக்கத் தூவினால் நொதி வெந்து செத்துப்போகும். ஆறிய பிறகு தூவினால் சோம்பிக் கிடக்கும். இளகிய பின் மறுபடி ஒரு கொதி விட்டே ஆக வேண்டும். ஈரத்தில் முளைகட்டும் தானியத்தில் கிருமிகளும் கூடவே பெருகுகின்றன.

சூடு பட்டால் நொதி செத்துவிடும் என்பதால், ‘முளைகட்டியது’ என்று விற்கப்படும் சத்து மாவை எல்லாம் நம்பி இறங்க முடியாது. வாசம் வர வறுத்து அரைத்திருந்தால் கத்தரிக்கோல் வாணலியிலேயே மழுங்கியிருக்கும். ‘ராகி மால்ட்’ என்ற பெயர் தாங்கிய பொட்டலத்துக்குள் இருப்பது முளைகட்டாத ராகி மாவும் சர்க்கரையுமாக இருப்பதும் உண்டு. ஆறாத கெட்டிக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் போட்டால் இளகுகிறதா என்று பார்ப்பது லேபிளைப் படிப்பதைவிட நம்பகமானது. சோள முளையில் சயனைடு தரும் பொருள் சேர்வதால், அந்தப் பக்கம் போகாமல் ராகியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

டியூப்காரருக்கு உதவும் இந்த நொதி, வாயால் சாப்பிடுபவரின் கோப்பையில் குழி பறிக்கிறது. நம் எச்சிலில் இருப்பதும் ஆல்ஃபா அமைலேஸ்தான். ருசி பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டால் கூழ் நீர்த்துப்போகும் என்று பாட்டிகள் கடிந்துகொள்வதில் தூய வேதியியல் இருக்கிறது. மாவுச்சத்தைக் கொண்டு கெட்டியாக்கிய பானத்தை நோயாளிக்கு ஸ்பூனில் ஊட்டி, அதே ஸ்பூனைக் கோப்பைக்குள் விட்டு விட்டு எடுத்தால், கடைசி மடக்கு முதல் மடக்கைவிட நீர்த்திருக்கும். கெட்டி எதற்காகப் போட்டதோ அந்தக் காரியம் பாதியில் கெட்டது. சாந்தன் கம் என்ற பிசினை அமைலேஸ் தீண்டாது. புதிய கெட்டிப் பொடிகள் அதற்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எவ்வளவு கெட்டி என்பதை அளக்க ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுமுறை 10 மில்லி சிரிஞ்சையே பயன்படுத்துகிறது. நிரப்பி, பத்து நொடி வழியவிட்டு, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. சொட்டே விழாவிட்டால் நான்கு.

கெட்டியாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற விளம்பரப் பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மறதி நோயோ பார்க்கின்சனோ உள்ள 515 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், மோவாயைத் தாழ்த்தி சாதாரணத் திரவம் குடித்தவர்களுக்கும் கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும் இடையே மூன்று மாத நிமோனியா எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கெட்டித் தண்ணீரை விரும்பிக் குடிப்பவரும் இல்லை என்பதால் நீரிழப்பு தனிக் கவலை.

வரலாறு இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்காக: 1790-ல் லண்டனில் ஜான் ஹண்டர், விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்குத் திமிங்கில வாய்த் தகட்டுக் குச்சியில் விலாங்கு மீனின் தோலைப் போர்த்திக் குழாயாக்கி உணவு செலுத்தினார். நம் ஆஸ்பத்திரிகளில் இன்றும் ‘ரைல்ஸ் டியூப்’ என்று வழங்குவது, ஜான் ரைல் 1921-ல் இரைப்பை நீரை வெளியே எடுத்துச் சோதிப்பதற்காகச் செய்தது, ஊட்டுவதற்கு அல்ல. வயிற்றில் நேரடியாகத் துளையிட்டு எண்டோஸ்கோப் உதவியோடு வைக்கும் ‘பெக்’ குழாயை 1979-ல் கிளீவ்லாந்தில் காடரரும் பான்ஸ்கியும் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் பொருத்தினார்கள். போதும்.

மருந்துக் கடையில் விற்கும் ஊட்டச்சத்து டின்களுக்கு வருவோம். விலையைப் பார்த்து மலைப்பவர்கள் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், பல டின்களில் முன்வரிசையில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோள மாவு போன்றவற்றை அமிலத்தாலோ அமைலேஸாலோ துண்டாக்கி உலர்த்திய பொடி அது. தொழிற்சாலையில் நறுக்கிய இடியாப்பம். சர்க்கரையையே கரைத்துவிடலாமே என்றால் வேறொரு சிக்கல். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டாலே அதன் ஆஸ்மோலாலிட்டி (கரைந்த துகள்களின் செறிவு) ரத்தத்துக்குச் சமமாகிறது. கிடைப்பதோ 400 கலோரி. 1000 கலோரிக்கு 250 கிராம் கரைத்தால் ரத்தத்தைப் போல் இரண்டரை மடங்கு. குடல் தன்னிடமிருக்கும் நீரைக் கொட்டி அதை நீர்க்கச் செய்யப் பார்க்கும், பேதியாகும். முழுச் சங்கிலி கெட்டிப்படும், சர்க்கரை பேதியாக்கும். நடுத்தரத் துண்டுகள் இரண்டுக்கும் தப்பும். டின்னுக்குள் இருக்கும் அறிவு இது. அதோடு புரதமும் கொழுப்பும் வைட்டமினும் அளந்து சேர்ந்திருப்பது நிஜமான வசதி. அதற்கு மேல் அட்டையில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளை விலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குழாயின் மேலேயே மிகை நம்பிக்கை உண்டு. பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ‘ஃபுட்’ ஆய்வு 2005-ல் லான்செட் இதழில் வந்தது. முதல் வாரத்திலேயே டியூப் போட்ட குழுவில் இறப்பு 5.8 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது, பிழைத்தவர்களில் கடும் ஊனத்தோடு இருந்தவர்களும் கூடுதல். ஆரம்ப வாரங்களில் ‘பெக்’ போட்டவர்கள் மூக்கு டியூப்காரர்களைவிடத் தேறவில்லை. முற்றிய மறதி நோயில் டியூப் ஆயுளை நீட்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை. கையால் பொறுமையாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது.

வீட்டுக் கஞ்சியிலேயே நிற்பவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று வடிகட்டி. அரைத்த பருப்பும் காயும் கோழியும் சல்லடையில் சக்கையாகத் தங்கும்போது, தாளில் எழுதிய புரதக் கணக்கும் அங்கேயே தங்கிவிடுகிறது. இன்னொன்று, சேர்க்காமல் விட்ட எண்ணெய். ஒரு டீஸ்பூனில் 40 கலோரி, கெட்டிப்படுத்தாது, பேதியாக்காது. பிரிந்து மேலே மிதப்பதால் மிக்சியில் அடித்துச் சேர்க்க வேண்டும், கடைசியில் 30 மில்லி தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும், அவ்வளவே. அரைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

கணக்கு பிடிபட்டதும் அன்றைக்கே 1500 கலோரியை ஏற்றிவிடும் ஆவலும் ஆபத்தானது. பல நாள் கிட்டத்தட்டப் பட்டினியாகக் கிடந்த உடம்பில் திடீரென மாவுச்சத்து புகுந்தால், இன்சுலின் எகிறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். அத்தகையவருக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல். 60 கிலோ எடைக்கு 600 கலோரி. அங்கிருந்து ரத்தப் பரிசோதனையோடு 4 முதல் 7 நாளில் முழு அளவுக்கு.