குரலும் இளியும்: உங்கள் காது ஓர் அளவுகோல்

பொங்கலுக்கு முந்தைய நாட்களில் மேலூர்க் கடைவீதியில் நடந்து சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். பானைக் குவியலின் முன் ஒரு பாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி, மூட்டால் மெல்லத் தட்டுவார். ‘ணங்’ என்று ஒலித்தால் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ‘தொப்’ என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரரும் மறுபேச்சுப் பேசமாட்டார். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைக் காது காட்டிக் கொடுத்துவிட்டது!

விரிசல் இல்லாத பானை முழுவதும் ஒன்றாக அதிர்கிறது. விரிசல் விழுந்த பானையிலோ, விரிசலின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அதிர்வின் ஆற்றல் வெப்பமாக வீணாகி, ஒலி உடனே அடங்கிவிடுகிறது. அந்தப் பாட்டி இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் அவருடைய காது பயின்ற காது.

மாணவ நண்பர்களே! “எனக்குச் சங்கீத ஞானமே கிடையாது” என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் இறைவணக்கம் பாடும் குழுவில் இருந்தேன். ஒருநாள் ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, “நீ வாயை மட்டும் அசை, போதும்” என்றார். அன்றோடு பாட்டை விட்டேன். பிறகு இயற்பியல் படித்து, கல்லூரியில் ஒலியியல் பாடமும் நடத்தத் தொடங்கினேன். அதிர்வெண்ணுக்குச் சூத்திரம் எழுதுவேன். ஆனால் ச எது, ப எது என்று காதால் கண்டுபிடிக்கத் தெரியாது!

என் கண்ணைத் திறந்தவர், இல்லை, காதைத் திறந்தவர், ஒரு மாணவர்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள்

சுரமானிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மரப்பெட்டியின் மேல் இழுத்துக் கட்டிய கம்பி. அதன் அடியில் நகர்த்தக்கூடிய இரு கட்டைகள். 256 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் நிறுத்த வேண்டும். கம்பியின் நீளம் சரியாக இருந்தால், கம்பியும் ஒத்ததிர்ந்து, அதன்மேல் வைத்த சிறு காகிதத் துண்டு துள்ளி விழும். மற்ற மாணவர்கள் கட்டைகளை நகர்த்தி நகர்த்திக் காகிதம் விழக் காத்திருந்தார்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவர் மட்டும் காகிதமே வைக்கவில்லை. கம்பியை மீட்டினார், கவையைத் தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார், கட்டையை இம்மியளவு நகர்த்தினார்.

“அலை நின்னுருச்சு சார். சேந்துருச்சு” என்றார்.

காகிதத் துண்டை வைத்துப் பார்த்தேன். உடனே துள்ளி விழுந்தது.

அவருடைய தந்தை கோயில் திருவிழாக்களில் நாகசுரம் வாசிப்பவர். ஏழு வயதிலிருந்தே இவர் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சுருதிப்பெட்டியைப் பிடித்திருக்கிறார். தந்தை சீவாளியைப் பொருத்தி ஊதும்போது, சுருதி சேர்ந்ததா இல்லையா என்று சொல்வது மகனின் வேலை. அதுதான் அவர் பெற்ற பயிற்சி.

அவர் ‘அலை’ என்று சொன்னதை நம் பாடநூல்கள் ‘விம்மல்’ என்கின்றன. ஒரு கம்பி விநாடிக்கு 256 முறையும், மற்றொன்று 254 முறையும் அதிர்ந்தால், இரண்டு ஒலிகளும் சில கணம் ஒன்றை ஒன்று வலுப்படுத்தும். சில கணம் ஒன்றை ஒன்று அழிக்கும். விநாடிக்கு இருமுறை ஒலி ஏறி இறங்கும். விம்மல்களின் எண்ணிக்கை இரண்டு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 50 செ.மீ. நீளக் கம்பி 256 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. நீளத்தில் 1 மி.மீ. பிழை நேர்ந்தால், அதிர்வெண் ஏறத்தாழ அரை ஹெர்ட்ஸ் மாறும். அதாவது, இரண்டு விநாடிக்கு ஒரு விம்மல் கேட்கும். பழகிய காதுக்கு இது எளிதில் தெரியும். அளவுகோலில் மில்லிமீட்டர் கோட்டைத் தேடிக் கண்ணைச் சுருக்குகிறோமே, அந்த வேலையைக் காது இருந்த இடத்திலிருந்தே செய்துவிடுகிறது!

ஸ்வரம் என்பது விகிதம்

அன்று மாலை அந்த மாணவரிடமே நான் பாடம் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். ஒரு பலகை, இரண்டு ஆணிகள், ஒரு வீணைக் கம்பி, ஒரே உயரமுள்ள மூன்று மரக்குச்சிகள் போதும். கம்பியை ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி, இரண்டு குச்சிகளைச் சரியாக 60 செ.மீ. இடைவெளியில் கம்பிக்கு அடியில் செருகுங்கள். (கம்பியை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள், அறுந்தால் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.) முழுக் கம்பியின் ஒலியை ச என்று வைத்துக்கொள்வோம். இனி மூன்றாவது குச்சியை நகர்த்தி, அதிரும் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ச – 60 செ.மீ.
ரி – 53.3 செ.மீ.
க – 48 செ.மீ.
ம – 45 செ.மீ.
ப – 40 செ.மீ.
த – 36 செ.மீ.
நி – 32 செ.மீ.
மேல் ச – 30 செ.மீ.

சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரங்களும் பலகையிலேயே பிறந்துவிட்டன! கம்பி பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். அதுவே மேல் ச. மூன்றில் இரண்டு பங்கானால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும், அதுவே ப. உங்கள் ச 240 ஹெர்ட்ஸ் என்றால் ப 360. மேல் ச 480.

ச-வும் ப-வும் சேர்ந்து ஒலிக்கும்போது ஏன் இனிக்கின்றன? மீட்டிய கம்பி ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை. 240 உடன் 480, 720, 960 என்று மேற்சுரங்களும் எழும். ப-வின் மேற்சுரங்கள் 720, 1080 என்று போகும். 720 இரண்டுக்கும் பொது. எளிய விகிதத்தில் உள்ள ஒலிகளுக்கு இத்தகைய பொது இடங்கள் மிகுதி. அங்கே விம்மல் இல்லை. ஒலிகள் ஒன்றிவிடுகின்றன.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். ச என்பது இத்தனை ஹெர்ட்ஸ் என்று நம் இசையில் விதி எதுவும் இல்லை. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், ஒருவர் ஐந்து கட்டையில் பாடுவார். அவரவர் ச-விலிருந்து மற்ற ஸ்வரங்கள் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்பதே முக்கியம். ஆகவே, காதில் விழும் ஒலியின் அதிர்வெண்ணை அப்படியே சொல்லும் அபூர்வத் திறமை உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு ஒலிகளுக்கு இடையே உள்ள உறவைக் கேட்டறியும் திறமை போதும். அது பயிற்சியால் வருவது.

மதுரைப் புறத்தில் ஏழு பெண்கள்

இந்தப் பயிற்சி நம் மண்ணுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் ‘ஆய்ச்சியர் குரவை’ என்ற பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கோவலன் சிலம்பை விற்க மதுரை நகருக்குள் சென்றிருக்கிறான். நகரின் புறத்தே ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்திக் குரவை ஆடச் செய்கிறாள். அவர்களுக்கு அவள் இட்ட பெயர்கள் என்ன தெரியுமா? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவை தமிழிசையின் ஏழு நரம்புகள், அதாவது ஏழு ஸ்வரங்கள்! குரல் என்னும் பெண் மாயவன் ஆகிறாள், இளி பலதேவன், துத்தம் நப்பின்னை.

இந்த ஏழையும் இன்றைய ஸ்வரங்களோடு எப்படிப் பொருத்துவது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால், குரலிலிருந்து எண்ணினால் ஐந்தாவது இளி என்பதில் ஐயமில்லை. ச-வுக்கு ப எப்படியோ, குரலுக்கு இளி அப்படி. நரம்புகளுக்கு இடையிலான உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகவும் வகுத்தார்கள். ஹெர்ட்ஸும் இல்லை, சுரமானியும் இல்லை. காதையே கருவியாகக் கொண்டு கண்டவை இவை.

அந்த வட்டத்தில் ஒரு நரம்பிலிருந்து அதன் ஐந்தாவதுக்குத் தாவிக்கொண்டே போனால் ஏழு நரம்புகளும் பிறந்துவிடும். தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஐந்தாவதாகவே வரும்.

இன்னும் தாவிக்கொண்டே போனால், தொடங்கிய இடத்துக்கே வந்து சேருவோமா? கணக்குப் போடுவோம். ஒவ்வொரு தாவலுக்கும் ஒன்றரையால் பெருக்க வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 கிடைக்கிறது. ஏழு ஸ்தாயி மேலே உள்ள ச-வின் மதிப்போ 128. வட்டம் சற்றே மூடாமல் நிற்கிறது! 240 ஹெர்ட்ஸில் புறப்பட்டவர், அதே ஸ்தாயிக்கு இறங்கி வந்து பார்த்தால், 243.3இல் நிற்பார்.

இந்தச் சிறு இடைவெளி பெரிய ஆராய்ச்சிகளுக்கு இடம் தந்தது. ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதிகள் உள்ளன என்ற கேள்வியும் இதனோடு பின்னியது. தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917ஆம் ஆண்டு வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் 24 என்று வாதிட்டார். ஈழத்து விபுலாநந்த அடிகள், 1947இல் வெளியான ‘யாழ் நூ’லில் 22 என்ற கணக்கை விரித்துரைத்தார். ஆர்மோனியம், பியானோ போன்ற கருவிகளில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்து, இடைவெளியை எல்லாப் படிகளுக்கும் பங்கிட்டுவிடுகிறார்கள். அதனால் 300 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய க, அங்கே 302.4இல் ஒலிக்கும். உங்கள் பலகையில் பிறந்த க-வையும் ஆர்மோனியத்தின் க-வையும், ச-வை ஒன்றாக வைத்து, சேர்த்துக் கேளுங்கள். விநாடிக்கு இரண்டு விம்மலுக்கு மேல் கேட்கும்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஓடும் மெல்லிய சவ்வு, உயர்ந்த ஒலிக்கு ஒரு முனையிலும் தாழ்ந்த ஒலிக்கு மறு முனையிலும் மிகுதியாக அதிர்கிறது. இதைக் கண்டறிந்த பெக்கேசி என்ற அறிஞருக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், இந்தச் செய்திகளை நரம்புகள் வழியே பெற்றுப் பிரித்தறிவது மூளை. பயிற்சி பெறுவது பெரும்பாலும் மூளைதான். ஸ்வர வேறுபாடே தெரியாத குறை பிறவியிலேயே உள்ளவர்கள் மிகச் சிலரே.

அப்படியானால், ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நேர்ந்தது என்ன? என் குரல் உடைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்! அந்தப் பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நீண்ட கம்பி தாழ்ந்து ஒலிக்கும் என்பதைச் சற்று முன்புதான் பலகையில் பார்த்தோம். குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. பழைய கட்டையில் பாடினால் எட்டாது. குறை என் தொண்டையில் இருந்தது. அதுவும் சில மாதக் குறை. அதைக் காதின் குறை என்று நம்பி முப்பது ஆண்டுகளை இழந்தேன். உங்களில் எவருக்கேனும் இப்போது குரல் உடைந்துகொண்டிருந்தால், கட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாடுவதை விட்டுவிடாதீர்கள்.

நாள்தோறும் பத்து நிமிடம்

முதல் பயிற்சி: தம்புரா, சுருதிப்பெட்டி, கைப்பேசிச் செயலி, எதுவானாலும் சரி, சுருதியை ஒலிக்கவிட்டு ச-வைப் பிடித்து நில்லுங்கள். பிறகு சுருதியை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பாடுங்கள். மீண்டும் ஒலிக்கச் செய்து, விலகினீர்களா என்று பாருங்கள். 1916இல் மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, சிறுமியாக இருந்தபோது இப்படித்தான் தம்புராவை மீட்டியும் நிறுத்தியும் தம் சுருதியைத் தாமே சோதித்துக்கொண்டார்.

இரண்டாம் பயிற்சி: நண்பர் ஒருவர் பலகையில் ச-வை மீட்டி, அடுத்து ப அல்லது மேல் ச-வை மீட்டட்டும். நீங்கள் திரும்பி நின்று எதுவென்று சொல்லுங்கள். இருபதுக்கு இருபதும் சரியானபின் ம-வைச் சேருங்கள், பிறகு க-வை. சரியான விடைகளை நாள்தோறும் குறித்து வரைபடம் வரையுங்கள். கோடு மேலேறுவதைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

மூன்றாம் பயிற்சிக்கு ஏழு பேர் வேண்டும். பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் வட்டமாக நில்லுங்கள். மாதரி செய்ததுபோல் ஆளுக்கு ஒரு நரம்பின் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் நரம்பை அவரவரே பாட வேண்டும். குரல் தொடங்கட்டும், அதற்கு ஐந்தாவது எதுவோ அது சேரட்டும். சேர்ந்ததா இல்லையா என்று மற்ற ஐவரும் கேட்டுச் சொல்லட்டும்.

அந்த வட்டத்தில் ‘வாயை மட்டும் அசைக்கும்’ எட்டாமவருக்கு இடமில்லை. அப்படி ஒருவர் ஓரமாக நின்றால், அவருக்கு ஒரு நரம்பைக் கொடுத்துவிட்டு நீங்கள் சற்று நேரம் கேட்பவராக உட்காருங்கள். கேட்பதும் பயிற்சிதானே!