காம்பு இரண்டு, குட்டி மூன்று: மூன்றாவது குட்டிக்குப் பாட்டில் பால் பழக்குவது எப்படி?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், திருத்தணி அருகே கே.ஜி.கண்டிகையில் நெல் வயலில் இலைச்சுருட்டுப் புழு பார்க்கப் போயிருந்தேன். வரப்பிலிருந்து ஏறியதும் ஒரு அம்மா வழிமறித்தார். "பயிரு கெடக்கட்டும் சார், மொதல்ல இந்தக் குட்டிய வந்து பாருங்க."

அவருடைய வெள்ளாடு மூன்று குட்டி போட்டிருந்தது. ஆட்டுக்கு இருப்பதோ இரண்டே காம்பு. பலமுள்ள இரண்டும் முட்டிக் குடிக்க, மூன்றாவது ஒதுங்கி நின்றது. அதற்கு அவர் நான்கு நாளாகப் பாலாடையில் பசும்பால் ஊற்றி வந்திருக்கிறார். குட்டிக்கு வயிறு உப்பிவிட்டது. இருமும்போது மூக்கில் பால் வந்தது.

"என் பேரனுக்கே பாலாடையிலதான் சார் புகட்டினேன். இதுக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல?"

நியாயமான கேள்வி. நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவர் அல்ல. பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலேயே சங்கில் பால் ஊற்றி ஒரு குட்டியை இழந்தவன். அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், ஆடு வளர்ப்போரிடம் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் ஊற்றக் கூடாது?

நமக்கு ஒரு வயிறு. ஆட்டுக்கு நான்கு அறை. பிறந்த குட்டிக்குப் பால் செரிப்பது நான்காவது அறையில்தான். குட்டி காம்பைச் சப்பி உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு மடிப்பு குழல் போல மூடிக்கொள்ளும். பால் முதல் மூன்று அறைகளைத் தாண்டி நேராக நான்காவதுக்குப் போய்விடும். வாயில் ஊற்றினால் அந்த மடிப்பு சரியாக மூடாது. பால் முதல் அறையில் விழுந்து புளிக்கும், வயிறு உப்பும். அவசரமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சி வரும். பால் கொடுத்தே குட்டி சாவது இப்படித்தான். ஆகவே நாம் ஊற்றக் கூடாது, குட்டிதான் உறிஞ்ச வேண்டும்.

முதலில் சீம்பால்

எந்தக் குட்டிக்கும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. நேரம் ஆக ஆகக் குடல் அதை ஏற்பது குறையும். ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய நின்றே போகும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் வேளை சுமார் 100 மில்லி, முதல் 24 மணி நேரத்தில் 300 முதல் 400 மில்லி வரை பிரித்துக் கொடுங்கள். தாய் இறந்துவிட்டால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால் உதவும். அதைக் கொதிக்க வைக்காதீர்கள். கொதித்தால் கட்டியாகிவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், அதன் சக்தியும் போய்விடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும்.

பாட்டிலைப் பழக்கும் முறை

1. குட்டியின் வாய்க்குள் சுத்தமான விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் கொடுக்காதீர்கள். துடைத்து, சாக்கில் சுற்றி, சூடேறிய பிறகே கொடுக்க வேண்டும். விரலைச் சப்பினால் குட்டி தயார்.

2. பாட்டிலைக் கவிழ்த்தால் ரப்பர் காம்பிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும். ஒழுகினால் துளை பெரிது, அந்தக் காம்பு வேண்டாம்.

3. பால் தாயின் உடல் சூட்டில், 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இதமான சூடு தெரிய வேண்டும்.

4. குட்டியை மடியில் மல்லாத்தாமல் நான்கு காலில் நிறுத்துங்கள். பாட்டிலைத் தாயின் மடி இருக்கும் உயரத்தில் பிடியுங்கள். தலை சற்றே நிமிர்ந்தால் போதும், அண்ணாந்து பார்க்கக் கூடாது.

5. சப்ப மறுத்தால் காம்பில் பாலைத் தடவி, ஒரு கையால் குட்டியின் கண்களை லேசாக மறையுங்கள். தாயின் வயிற்றடியில் இருக்கும் இருட்டு அதற்குப் பழக்கம். வால் அடியை விரலால் வருடுங்கள், தாய் நக்குவது அங்கேதான்.

6. சில நாள் தாயிடம் குடித்த குட்டி ரப்பரை எளிதில் ஏற்காது. மூன்று மணி நேரம் பசிக்க விட்டு மறுபடி முயலுங்கள். பாட்டிலைப் பிதுக்கிப் பாலைப் பீய்ச்சாதீர்கள். பிறந்த குட்டி இரண்டு முறை முயன்றும் சப்பாவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள், அல்லது 1962 எண்ணை அழையுங்கள்.

எவ்வளவு, எத்தனை நாள்?

முதல் வாரம் நாளுக்கு 300 மில்லியை நான்கு வேளையாகக் கொடுங்கள். பிறகு எடைக்கேற்ப மெல்லக் கூட்டி, ஒரு மாதத்தில் அரை லிட்டருக்கு மேல் மூன்று வேளையாகக் கொடுக்கலாம். காய்ச்சி ஆறவைத்த பசும்பால் போதும், தண்ணீர் கலக்க வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து இளம் அகத்தி, வேலிமசால் தழைகளைக் கட்டித் தொங்க விடுங்கள். நல்ல தண்ணீரும் வையுங்கள். தழையை நன்றாகத் தின்ற பிறகு இரண்டரை, மூன்று மாதத்தில் பாலைச் சிறிது சிறிதாக நிறுத்தலாம்.

75 நாளுக்குச் சராசரி அரை லிட்டர் என்றால் 37 லிட்டருக்குச் சற்று அதிகம். உங்கள் ஊர்ப் பால் விலையால் பெருக்கி, குட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டைக் குட்டி என்றால் அது போடப் போகும் குட்டிகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

*குழந்தைக்கு விற்கும் பால் பாட்டிலையே பயன்படுத்தலாமா?*

குட்டிக்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வேளையும் கழுவி, கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். புளித்த பாட்டிலால்தான் பெரும்பாலும் கழிச்சல் வருகிறது. குட்டியின் பாட்டிலைக் கைக்குழந்தைக்கு ஒருபோதும் தரக் கூடாது. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பால் பாட்டில் விளம்பரத்தையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தாயிடம் குடிக்க முடியாத குழந்தைக்கு, பீய்ச்சிய தாய்ப்பாலைச் சுத்தமான பாலாடையில் கொடுக்கலாம். அதைச் செவிலியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

*செம்மறிக் குட்டிக்கும் இதே முறையா?*

ஆம். நம் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு ஆடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். தாய் இறந்தாலோ மடிநோய் வந்தாலோதான் பாட்டில் தேவைப்படும்.

கே.ஜி.கண்டிகைக் குட்டியை அன்றே மருத்துவரிடம் காட்டினோம். ஊசியும் மருந்தும் கொடுத்து, ஊற்றுவதை நிறுத்தச் சொன்னார். இரண்டு நாள் பாட்டிலைத் தள்ளிய குட்டி மூன்றாம் நாள் தானே சப்பியது. தை மாதம் நான் போனபோது மூன்றும் ஒரே அகத்திக் கிளையை இழுத்துக்கொண்டிருந்தன. எது மூன்றாவது என்று அந்த அம்மாதான் காட்ட வேண்டியிருந்தது.