'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற தாளில் கையெழுத்துப் போடலாமா?



பள்ளிகளில் சுற்றுலாக் காலம் தொடங்கியதிலிருந்து, பிள்ளைகள் கொண்டுவரும் சம்மதப் படிவத்தோடு பெற்றோர் பலர் நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். "விபத்து நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று போட்டிருக்கிறதே, கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளை எதுவும் கேட்க முடியாதா?" என்பதே கேள்வி. தீம் பார்க் டிக்கெட்டின் பின்புறத்திலும் நீச்சல் குளம், ஜிம் விண்ணப்பங்களிலும் இதே வாசகம்தான்.

கேட்க முடியும். ஆனால் எதற்குக் கேட்கலாம், எதற்குக் கேட்க முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். கபடி ஆடும்போது கால் சுளுக்கினால் அது விளையாட்டோடு வருவது. அதற்கு நஷ்டஈடு கேட்பது சரியல்ல. ராட்டினத்தின் பூட்டு பழுதாக இருந்தது, ஆழமான நீரில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கவனிக்க ஆளில்லை என்றால் அது கவனக்குறைவு. அதை ஒரு வரி அச்சடித்துத் துடைத்துவிட முடியாது.

இங்கிலாந்தில் கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் காயத்துக்கும் இப்படிப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது செல்லாது என்று 1977-லேயே நேரடியாகச் சட்டம் போட்டுவிட்டார்கள். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிராகச் சட்டம் தேவை என்று நம் சட்ட ஆணையமும் 1984-லும் 2006-லும் அறிக்கை தந்தது. அப்படி ஒரு தனிச்சட்டம் இன்னும் வரவில்லை. ஆகவே இருக்கிற சட்டங்களையும் தீர்ப்புகளையும் வைத்துத்தான் வழக்காட வேண்டியிருக்கிறது.

டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் 1998-ல் திருடு போனது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்திருந்ததை ஹோட்டல் காட்டியது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அந்த வாசகத்தைக் காட்டித் தவிர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. காருக்கே இப்படி.

பிள்ளைகள் விஷயத்தில் பதான்கோட் அருகே ஒரு பள்ளியின் வழக்கு உண்டு. 1995 மே மாதம் பிக்னிக் அழைத்துச் செல்லப்பட்ட மாணவர்களில் 14 பேர் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் என்ற இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதிசெய்தது.

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் நிலைபெற்ற சட்டம். பெற்றோர் போடும் கையெழுத்து, பிள்ளைக்கு உரியதை விட்டுக்கொடுப்பதாக இருந்தால், அது பிள்ளையின் நன்மைக்கே என்று நிரூபிப்பது எளிதல்ல.

எங்கே போவது? பார்க், குளம், ஜிம் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. டிக்கெட் விலை அதற்குள்தானே வரும். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பள்ளி மீது என்றால் அங்கே சிக்கல்: நீச்சல் போன்ற கூடுதல் பயிற்சிகள் உட்படக் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்தது. அப்போது சிவில் கோர்ட் அல்லது உயர் நீதிமன்றம்தான்.

இதற்காகப் பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம். படிவத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். தண்ணீரில் இறக்குவார்களா, எத்தனை ஆசிரியர்கள் கூடப் போகிறார்கள், இன்சூரன்ஸ் உண்டா என்று முன்பே கேளுங்கள். ஆஸ்துமா, வலிப்பு போன்றவற்றை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் வழக்கும் பலவீனப்படும், பிள்ளைக்கும் ஆபத்து.

'நஸீபு' என்று சொல்லி ஒதுங்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. விதியை நம்புவது வேறு, பழுதான ராட்டினத்தை ஓட்டியவரிடம் கணக்குக் கேட்பது வேறு. அல்லாஹ் பாதுகாக்க, ஏதாவது நேர்ந்துவிட்டால் டிக்கெட், மருத்துவச் சீட்டு, போலீஸ் புகார் நகல் எதையும் தூக்கிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கொஞ்சம் பணத்தோடு நீட்டப்படும் 'சமாதான'த் தாளில் மட்டும் அந்த நேரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் எங்களிடம் கொண்டுவாருங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.