பாயசத்து உலர்திராட்சையும் வீட்டு நாயும்

சர்க்கரைப் பொங்கலோ கேசரியோ பாயசமோ, வீட்டில் இனிப்பு செய்தால் நாய்க்கும் ஒரு கை எடுத்து வைப்பது பலருக்கு வழக்கம். வாயில்லா ஜீவன் வாசலில் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நாம் மட்டும் சாப்பிட மனம் வராது. ஆனால் அந்த இனிப்பில் நெய்யில் வறுத்துப் போட்ட உலர்திராட்சை இருக்கிறது. அது நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. கறுப்புத் திராட்சை, பச்சைத் திராட்சை, விதையில்லாதது எல்லாமே அப்படித்தான். நீர் வற்றிய உலர்திராட்சையில் ஆபத்து கூடுதல். வெந்துவிட்டதே என்று நம்பிக் கொடுக்கவும் முடியாது. கேக்கில் சுட்ட உலர்திராட்சையைத் தின்ற நாய்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன.

அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2001 வாக்கிலேயே இதை எச்சரித்தார்கள். காரணம் மட்டும் இருபது ஆண்டுகள் பிடிபடவில்லை. 2021-இல்தான் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கும் என்ற வலுவான கருத்து வெளியானது. நம் வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி. ஏனென்றால் புளியிலும் அதே அமிலம்தான் நிறைய இருக்கிறது. புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றியும் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே புளிப் பானையை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். புளியமரத்தடியில் உதிர்ந்த பழத்தை நாய் மெல்ல விடாதீர்கள். புளிசாதம் மிஞ்சினால் அதற்கு வைக்க வேண்டாம்.

“எங்கள் நாய் எத்தனையோ முறை திராட்சை தின்றிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். பழத்தின் ரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து அமிலத்தின் அளவு மாறும். நாய்க்கு நாய் தாங்கும் சக்தியும் மாறும். இத்தனை தின்றால் பயமில்லை என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒன்றுகூட வேண்டாம் என்கிறோம்.

தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்து, நஞ்சு உடம்பில் சேருமுன் பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். நேரம் கடந்திருந்தாலும் போகத்தான் வேண்டும். வாந்தி வரவைக்க வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டவே கூடாது. உப்பே உயிருக்கு ஆபத்தாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். வழக்கமாக ஒரு நாளுக்குள் வாந்தி, சோர்வு, உணவை வெறுத்தல் தொடங்கும். சிறுநீர் குறையும்போது சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருக்கும். சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பார்கள். இரண்டு நாளாவது டிரிப்ஸ் ஏற்றுவது இதற்கான சிகிச்சை. பரிசோதனை முடிவுகளையும் கொடுத்த மருந்துகளின் விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால் அவை வேண்டும்.

சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊரில் இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். வளர்க்கும் விலங்கின் நலனைக் காப்பதும் அதற்குத் தேவையற்ற வலி வராமல் தடுப்பதும் வளர்ப்பவரின் கடமை என்று 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது.

மாம்பழக் காலத்தில் இன்னொரு பயம், கொட்டை. சதையைச் சப்பிவிட்டு நாய் அதை முழுசாக விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். ஓயாத வாந்தி, மலம் வராமை, வயிற்றைத் தொட்டால் முனகல் இருந்தால் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். பல நேரம் அறுவைச் சிகிச்சைதான் வழி. குப்பைக்கூடையை மூடி வையுங்கள். சீத்தாப்பழம், சப்போட்டா, ஆப்பிள் ஆகியவற்றின் விதையையும் எடுத்துவிட வேண்டும்.

பயந்து எல்லாப் பழத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. வாழைப்பழத் துண்டு, தோலும் விதையும் நீக்கிய பப்பாளி, தர்பூசணி, கொட்டையில்லாத மாம்பழத் துண்டு எல்லாம் நாய் ஆசையாகத் தின்னும். முதல் தடவை ஒரு துண்டு மட்டும் கொடுத்து, மறுநாள் மலம் இளகுகிறதா என்று பாருங்கள். பழம், பிஸ்கட் எல்லாம் சேர்ந்து நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் பருத்த நாய்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.