பாதை போன பின்பும் கதை நிற்குமா?

பழைய நாவலொன்றை இன்றைய பிள்ளைகளிடம் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, “இதுக்கு ஒரு கோல் எடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே?” என்பதுதான். கடிதம் பிந்தியது, தந்தி கைமாறியது என்று போடப்பட்ட கதைமுடிச்சுகள் கைத்தொலைபேசி வந்ததோடு தளர்ந்து போயின. நாவல் பழசாவது இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். விஷயம் அவ்வளவு லேசல்ல.

அமிர்தகழி என்ற பெயரிலேயே கழி இருக்கிறது. வாவியோரத்தாருக்கு அக்கரை போய்வருவதே அன்றாடப் பாடு. கல்லடிப் பாலம் 1924 இல் வந்தது. மண்முனையில் 2014 இல்தான் பாலம் திறந்தார்கள். அதுவரை அங்கே ‘பாதை’ ஓடியது. பாதை என்றால் எங்கட பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை. “பாதையைத் தவறவிட்டான்” என்று ஒரு கதையில் வந்தால், மட்டக்களப்பார் துறையில் காத்து நிற்பவனைக் காண்பர். வெளியூர் வாசகர் வழிதவறியவனைக் காண்பர். பாலங்கள் கூடக்கூட, நம் பிள்ளைகளும் வெளியூர் வாசகராகிவிடுவார்கள்.

சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இல் வெளிவந்தது. இலங்கை எழுத்தாளர் எகிப்திய நாயகனைத் தேடிப் போனதேன் என்று இன்றைய வாசகர் வியக்கலாம். 1882 இல் பிரித்தானியர் எகிப்தைப் பிடித்ததையும், அடுத்த வருடமே அறபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கியதையும் கண்ட தலைமுறைக்கு எகிப்து அந்நியமல்ல. அவர்களுக்குச் செய்தியாக இருந்தது நமக்கு அடிக்குறிப்பாகிவிட்டது.

ஆக, நாவலில் வரும் விவரங்கள் இரண்டு வகை. நாகரிகத்தைக் காட்டவென்று ஒட்டிவைத்த புதுமாதிரிக் கார், புதுமாதிரிப் போன் எல்லாம் பத்து வருடத்தில் வெளுத்துவிடும். மனிதரின் முடிவைத் தீர்மானிக்கும் விவரம் அப்படியல்ல. கடைசிப் பாதை போனதால் உம்மாவின் மையித்தைக் காணக் கிடைக்காத மகனின் துக்கத்துக்கு மிதவையைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. காத்திருப்பு விளங்கினால் போதும்.

மறுபதிப்புச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘விளங்காது’ என்று பழஞ்சொற்களை மாற்றுவதைவிட, கடைசியில் இரண்டு பக்கம் சொல்விளக்கம் சேர்ப்பது நல்லது. போரும் 2004 சுனாமியும் வீட்டுப் பெட்டிகளையும் கடிதங்களையும் கொண்டுபோன கரை இது. எப்படிக் கடந்தோம், எப்படிச் சேதி அனுப்பினோம் என்பதற்குச் சில வேளை அந்தக் கதைகள்தான் மிச்சமுள்ள சாட்சி.